கணக்கெடுப்புத் தரவைத் திருத்தும் முறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டலகு வருமானச் செலவின ஆய்வு போன்ற மாதிரி ஆய்வுகளில் ஐயத்திற்குரிய பதிவுகளையெல்லாம் நீக்கிவிட வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கத்தக்கதன்று. வருமானத்தைச் சொல்லத் தயங்குவோர் பெரும்பாலும் ஒரு தரப்பினராகவே இருந்தால், அவர்களை நீக்கியதும் எஞ்சிய மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். விடுபட்ட இடங்களைச் சராசரியால் நிரப்பினாலோ, சராசரி அசையாமல் நிற்க, பரவல் சுருங்கி, ஏற்றத்தாழ்வு உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும்.

1976இல் ஃபெலேகி, ஹோல்ட் ஆகிய புள்ளியியலாளர் இருவரும் முன்வைத்த நெறி, ஒரு பதிவின் முரண்பாட்டைத் தீர்க்க இயன்றவரை குறைந்த விடைகளையே மாற்ற வேண்டும் என்பதாகும். 6 வயதுப் பிள்ளை 'விதவை' எனப் பதிவாகியிருந்தால், பிழை வயதிலா மணநிலையிலா என்பதை அதே படிவத்தின் மற்ற விடைகள் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். வருமானத்தில் ஒரு பூச்சியம் கூடிப்போவது (படிவம் நிரப்புகையில் நானும் செய்த தவறுதான்) வேறு வகை. நிறையளவு (மாதிரியிலுள்ள ஒரு குடும்பம் எத்தனை குடும்பங்களுக்காக நிற்கிறது என்ற எண்) அதிகமுள்ள குடும்பமாயின் அது மாவட்ட மதிப்பீட்டையே உயர்த்திவிடும் என்பதால், அத்தகைய பதிவுகளையே முதலில் மீளக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

விடுபட்ட இடங்களில் மதிப்பிட்டு நிரப்பப்பட்ட விடைகளின் விழுக்காட்டை ஒவ்வோர் அட்டவணையின் அடியிலும் அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06