முதலில் பிளானட்டெஸ் பார்

அன்பு மகளுக்கு,

கத்திக் கத்திச் சண்டை போடுவது வேண்டாம், பள்ளிக்கூடக் காதல் வேண்டாம், முடிவே இல்லாமல் இழுப்பதும் வேண்டாம், பெரியவர்கள் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்வதைக் காட்டும் அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர், இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். தாதி வேலை பார்க்கிற உனக்கு ஏற்ற ருசிதான்.

முதலில் 'பிளானட்டெஸ்' பார். 2003இல் சன்ரைஸ் ஸ்டூடியோ எடுத்தது. மொத்தம் 26 எபிசோட், கதையும் அதற்குள் முடிந்துவிடுகிறது. 2075ஆம் ஆண்டில் பூமியைச் சுற்றித் திரியும் விண்வெளிக் குப்பையை அள்ளும் ஒரு நிறுவனப் பிரிவைப் பற்றியது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் எந்தப் பொருளும் வினாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அந்த வேகத்தில் ஒரு சின்னத் திருகாணி மோதினாலும் பயணிகள் கப்பலின் சன்னல் உடைந்துவிடும். ஆக, அவர்கள் செய்வது உயிர் காக்கும் வேலை. ஆனால் லாபம் கொண்டுவராத பிரிவு என்பதால் நிறுவனத்தில் மதிப்பில்லை. ஆள் பற்றாக்குறை, பழைய கப்பல், ஒவ்வொன்றுக்கும் மேலிடத்து அனுமதி. உன் வார்டு ஞாபகத்துக்கு வரும் பார்.

இதைப் பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே விட்டவர்கள்தான். முதல் சில எபிசோடுகளில் அலுவலகக் கோமாளித்தனம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். சிறுபிள்ளைத்தனம் என்று மூடிவிடாதேம்மா. யார் யார் எப்படிப்பட்டவர்கள் என்பது அந்த இலகுவான பகுதிகளில்தான் மனத்தில் பதிகிறது. பின்பாதியில் வியாழன் கோளுக்குப் போகும் கப்பலுக்கு ஆள் எடுக்கும்போது, அதற்காக ஒருவன் எதையெல்லாம் இழக்கத் துணிகிறான் என்பது நம்மை உலுக்குவதற்கு அதுதான் காரணம். தொடக்கப் பாட்டை ஒரு தடவையாவது தள்ளாமல் பார். ராக்கெட் காலத்தின் வரலாறே அதில் படமாக ஓடும்.

நேரக் கணக்கும் சொல்கிறேன். ஒரு எபிசோட் சுமார் 24 நிமிடம். முன்பாட்டும் பின்பாட்டும் தலா ஒன்றரை நிமிடம் என்று கழித்தால் 21 நிமிடம். 26 எபிசோடுக்கு ஒன்பது மணி நேரம் சொச்சம். இரவு ஷிப்ட் இல்லாத வாரங்களில் நாளுக்கு இரண்டு என்றால் சரியாக வரும்.

அடுத்தது 'ஷிரோபாகோ'. 2014இல் தொடங்கியது, 24 எபிசோட். அனிமே எப்படித் தயாராகிறது என்பதையே கதையாக்கியிருக்கிறார்கள். வரைபவர் தாமதித்தால் அடுத்தடுத்த ஆட்களின் வேலை எப்படிச் சரிகிறது, ஒரு வெடிப்புக் காட்சியைக் கையால் வரைவதா கணினியில் செய்வதா என்ற மனத்தாங்கல் எப்படி முற்றுகிறது, எல்லாம் உண்டு. ஆள்கள் ரொம்ப அதிகம். பெயரும் பொறுப்பும் திரையில் எழுத்தாக வரும், ஆனாலும் மனப்பாடம் செய்ய முயலாதே. மியாமோரி என்ற பெண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு போ, மற்றவர்கள் தானாகப் பழகிவிடுவார்கள்.

'ஷோவா கென்ரோகு ரகுகோ ஷிஞ்சு' உனக்கு நிச்சயம் பிடிக்கும். 2016இல் 13, 2017இல் 12 எபிசோட். ரகுகோ என்பது மெத்தையில் மண்டியிட்டு, கையில் விசிறியும் துணியும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரே ஆள் எல்லாப் பாத்திரமாகவும் பேசும் கலை. நம்ம ஊர்க் கதாகாலட்சேபத்தில் பாட்டை எடுத்துவிட்டால் எப்படியோ அப்படி. இதை ஜப்பானியக் குரலில்தான் பார்க்க வேண்டும். அகிரா இஷிதாவும் கோயிச்சி யாமாதெராவும் குரலாலேயே ஆள் மாறுகிறார்கள். முதல் எபிசோட் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு நீளம், தூக்கம் வரும் நேரத்தில் ஆரம்பிக்காதே.

சப்டைட்டிலில் ஒரு சிக்கல் உண்டு. சில தளங்களில் ஆங்கில சப்டைட்டில் இரண்டு விதமாக இருக்கும். 'சிசி' என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஆங்கில டப்பிங் வசனத்தின் எழுத்து. ஜப்பானியக் குரலோடு அதை வைத்தால் வாய் ஒன்று பேசும், எழுத்து வேறொன்று சொல்லும். 'சிசி' இல்லாததைத் தேர்ந்தெடு. இன்னொன்று, அனிமே உரிம நிறுவனமான மியூஸ் ஏசியாவின் யூடியூபில் இங்கே சிங்கப்பூரில் இலவசமாக ஓடும் தொடர்கள் அங்கே ஆஸ்திரேலியாவில், உன் பெர்த்தில், திறக்காது. உரிமம் ஆசியாவின் இந்தப் பக்கத்துக்குத்தான். நான் அனுப்பும் லிங்க் வேலை செய்யாவிட்டால் அதுதான் காரணம்.

'மொன்ஸ்டர்' பற்றிக் கேட்டாய். அறுவைச் சிகிச்சை மருத்துவர் கதை, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் 74 எபிசோட், நடுவில் துணைப் பாத்திரங்களின் கதைகளில் நீண்ட நேரம் நிற்கும், குழந்தைகளுக்கு நேரும் கொடுமைகளும் உண்டு. வேலை முடிந்து களைத்து வரும் இரவுகளில் வேண்டாம், நீண்ட விடுப்பு கிடைக்கட்டும். களைத்த இரவுக்கு 'முஷிஷி' இருக்கிறது. 2005இல் வந்த 26 எபிசோடும் தனித்தனிக் கதை, எதையும் எங்கிருந்தும் பார்க்கலாம். ஆனால் ஒரு இரவுக்கு ஒன்றுதான். வரிசையாக நாலைந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி தோன்றி அலுத்துவிடும்.

பெர்த்துக்கும் நமக்கும் நேர வித்தியாசம் இல்லையே, வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு ஓய்வு என்றால் இரவு ஒன்பதுக்கு 'பிளானட்டெஸ்' முதல் எபிசோடை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போடுவோம். ஷிப்ட் மாறினால் முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா
தெம்பனிஸ்