வடசென்னைத் தெருக்களுக்கு வரைபடம் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் தண்டையார்பேட்டைக்காரி. பிறந்தது, படித்தது, கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடிவந்தது எல்லாம் இங்கேதான். வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், நகரமைப்பு படித்தவளில்லை. உங்களில் யார் அரசு அலுவலகத்தில் இருக்கிறீர்கள், யார் ஆலோசனை நிறுவனத்தில், யார் கல்லூரியில் என்று எனக்குப் பிரித்துத் தெரியாது. அதனால் வடசென்னைத் தெருவை அகலப்படுத்தவோ, திருப்பிவிடவோ, தோண்டவோ யார் மேசையில் வரைபடம் விரிந்தாலும் அவர்கள் எல்லோருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன்.

கொஞ்ச நாள் முன்பு எங்கள் தெருமுனையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இரண்டு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் அட்டை, அட்டையில் தாள், தாளில் பைக், ஆட்டோ, வேன், லாரி என்று கட்டம் கட்டமாக இருந்தது. ஒவ்வொரு வண்டி போகும்போதும் ஒரு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்குக் கோடு. வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்களே என்று தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு என்னப்பா இது என்று கேட்டேன். "வண்டி கவுண்ட் எடுக்கிறோம்க்கா." சரி, தெருவில் இருக்கிற ஆட்களை எண்ணவில்லையா என்றேன். "அதுக்கு இதுல கட்டம் இல்லக்கா" என்றான் ஒருவன், தாளைத் திருப்பிக் காட்டி. அந்தப் பையன் மேல் தப்பில்லை, அவனுக்குக் கொடுத்த தாளில் அதற்கு இடமில்லை. அந்த இடத்தைக் கேட்டுத்தான் இந்த மடல்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது கட்டடக்கலை படிக்கிறாள். இதை அவளிடம் சொன்னபோது, டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்று ஒருவர் ஐம்பது வருஷத்துக்கு முன்பே மனிதர்களை எண்ணிவிட்டார் டீச்சர் என்று சொல்லி மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். உங்களில் பலர் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் நடக்கிற வேலைகளில் அவர் கேட்ட கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அவர் பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நகர வடிவமைப்புப் பேராசிரியர். 1960களின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் பக்கத்துப் பக்கத்து மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரித் தெருக்கள்தான், பெரிய வித்தியாசம் வண்டியில். ஒன்றில் நாளுக்கு 2,000 வண்டி, அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. அங்கே குடியிருப்பவர்களிடம் போய், இந்தத் தெருவில் உங்களுக்கு நண்பர்கள் யார், முகம் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டு வீட்டுக்கு வீடு கோடு போட்டார். வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள், 6.3 தெரிந்தவர்கள். வண்டி மிகுந்த தெருவில் 0.9 நண்பர், 3.1 தெரிந்தவர்கள். படமாகப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். முதல் தெருவில் கோடுகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சிலந்தி வலை மாதிரிப் பின்னிக் கிடக்கின்றன, மூன்றாவது தெருவில் எதிர்ச்சாரிக்குப் போகிற கோடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கின்றன.

இன்னொன்றும் கேட்டார். உங்கள் வீட்டு எல்லை எதுவரை என்று வரைந்து காட்டச் சொன்னார். முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் வளைத்துக் காட்டினார்கள். மூன்றாவது தெருக்காரர்களுக்குத் தங்கள் கட்டடத்தோடு எல்லை முடிந்துவிட்டது, சிலருக்குத் தங்கள் வீட்டுக் கதவோடு.

1972-ல் அது கட்டுரையாக வந்தது. வாழ்நாள் முழுவதும் தெருவில் வண்டி வேகம் குறையவேண்டும் என்று எழுதிய அந்த மனிதர் 1982-ல் ஏதென்ஸ் நகரில் வேகமாக வந்த கார் மோதி இறந்துபோனார். இதைப் படித்த பிறகு கொஞ்ச நேரம் என்னால் மேலே எதுவும் படிக்க முடியவில்லை.

சரி, சான் பிரான்சிஸ்கோ எங்கே, தண்டையார்பேட்டை எங்கே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் அன்று சாயந்திரமே ஒரு சார்ட் தாளை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு ஆயாவிடம் போனேன். எழுபது தாண்டியவர், பேனா பிடித்துப் பழக்கமில்லை, நான் பிடிக்க அவர் சொன்னார். உன் வீடு எதுவரைக்கும் ஆயா என்றேன். முதலில் அடி பம்பு. அப்புறம் அம்மன் கோயில், கோயிலை ஒட்டி கேரம் போர்டு போடுகிற இடம். அதற்கு எதிரே இட்லிக் கடை, இட்லிக் கடைக்காரி பிரசவத்துக்கு இவர் ஆட்டோ பிடித்துக்கொண்டு போன கதை. ரேஷன் கடைத் திருப்பம், அங்கே மீன் கூடை இறக்குகிற திட்டு. தாள் போதவில்லை, பின்பக்கமும் வரைந்தோம். வரைந்து முடித்ததும் பார்க்கிறேன், அதில் பாதி இப்போது இல்லை. ஆயா வரைந்தது அவர் ஐம்பது வயதில் வாழ்ந்த தெருவை.

அதே கேள்வியை என்னிடம் படிக்கிற ஆறாம் வகுப்புப் பெண்ணிடம் கேட்டேன். அதே தெரு, ஆயா வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி மூன்றாவது மாடி. அவள் அழகாக ஸ்கேல் வைத்து ஒரு பெட்டி வரைந்தாள், படிக்கட்டு வரைந்தாள், கீழே கேட் வரைந்தாள், கேட்டோடு கோட்டை மூடிவிட்டாள். தெருவை வரையலையாம்மா என்றதற்கு, "தெரு நம்மளுது இல்லையே மிஸ், வண்டி போற இடமாச்சே" என்றாள்.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பேராசிரியரின் முதல் தெருவும் மூன்றாவது தெருவும்தான். ஒரே தெருவில், இருபது வருஷ இடைவெளியில்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். பெரிய சாலையில் வேலை நடக்கிறது என்று போக்குவரத்தை எங்கள் தெரு வழியாகத் திருப்பிவிட்டார்கள். தற்காலிகம் என்றார்கள், நாங்களும் பொறுத்துக்கொண்டோம், வேலை நடக்கத்தானே வேண்டும். ஆனால் வேலை முடிந்த பிறகும் வண்டிகள் பழகிய வழியை விடவில்லை, திருப்பிவிட்டவர்கள் யாரும் வந்து மூடவும் இல்லை. ஷேர் ஆட்டோ, தண்ணி லாரி, சரக்கு வேன், எப்போதாவது வழி தவறி ஒரு கன்டெய்னர்கூட வந்து திரும்ப முடியாமல் நின்றிருக்கிறது. அப்புறம் ரோடு போட்டார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே ஒரு அடுக்கு, அடுத்த முறை அதன்மேல் இன்னொரு அடுக்கு. ஆயா வீட்டுக்கு முன்பெல்லாம் மூன்று படி ஏறவேண்டும், அந்த மூன்று படியில்தான் சாயந்திரம் ஐந்தாறு பேர் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வார்கள். இன்று ரோட்டிலிருந்து ஒரு படி கீழே இறங்கித்தான் அவர் வீட்டுக்குள் போகவேண்டும். உட்காருகிற இடம் தாருக்குள் புதைந்துவிட்டது.

கோலத்தைப் பாருங்கள், அதுவே ஒரு கணக்கு. மார்கழியில் என் அம்மா 21 புள்ளிக் கோலம் போடுவார், தெருவின் நடுவரை வரும், எதிர்வீட்டுக் கோலம் அந்தப் பக்கத்திலிருந்து வந்து இதைத் தொடும், தொடுகிற இடத்தில் இரண்டு வீட்டுப் பெண்களும் உட்கார்ந்து யார் வீட்டுக் கலர்ப்பொடி என்று பேசிக்கொண்டே நிரப்புவார்கள். வண்டி கூடக்கூட அது 15 ஆகி, 9 ஆகி, இப்போது ஐந்து புள்ளியில் வாசற்படி ஓரமாக ஒதுங்கிவிட்டது. பல வீட்டில் ஸ்டிக்கர். உங்கள் ஆட்கள் மார்கழியில் காலை ஆறு மணிக்கு வந்து புள்ளியை எண்ணினாலே போதும், அந்தத் தெருவில் எத்தனை வண்டி போகிறது என்று சொல்லிவிடலாம். வண்டியை எண்ணினால் புள்ளி தெரியாது.

இது வெறும் பழைய நினைப்பு இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரண்ட் இல்லை, போன் எடுக்கவில்லை. ஆயா வீடு பள்ளத்தில் இருப்பதால் முதலில் அங்கேதான் தண்ணீர் புகுந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு வந்தது பின்தெருவிலிருந்து இங்கே கேரம் ஆட வருகிற பையன். எந்த அறையில் கட்டில், எந்தக் கால் அவருக்கு மடங்காது என்பதுவரை அவனுக்குத் தெரியும், ஏனென்றால் பத்து வருஷமாக அவர் வாசல் டியூப் லைட் வெளிச்சத்தில்தான் ஆடியிருக்கிறான். பெரிய சாலையில் இருக்கிற என் தோழியின் குடியிருப்பில் தரைத்தளத்து வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார் என்பதே மறுநாள்தான் மற்றவர்களுக்குத் தெரிந்ததாம். அங்கே இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, தெரிந்துகொள்ள ஒரு இடம் இல்லாதவர்கள். முகம் தெரிந்தவர் மூன்றா ஆறா என்று அந்தப் பேராசிரியர் எண்ணியதன் பொருள் எனக்கு அந்தப் புயலை வைத்துத்தான் புரிந்தது.

அந்த ஆய்வில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் பேசிய ஆட்கள் அதிகமில்லை. வண்டி மிகுந்த தெருவில் வாடகைக்கு இருந்தவர்கள் அதிகம், அமைதியான தெருவில் குடும்பங்கள் அதிகம், அதனாலும் நட்பு கூடிக் குறைந்திருக்கலாம். ஆனால் 2008-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்திலும் இதே மாதிரி மூன்று தெருக்களை எடுத்துக் கேட்டபோது, வண்டி மிகுந்த தெருக்காரர்களுக்கு வண்டி குறைந்த தெருக்காரர்களின் நட்பில் கால்பங்குகூட இல்லை என்றுதான் வந்தது. இங்கே வந்து கேட்டால் வேறு மாதிரி வரலாம். எங்கள் தெரு குறுகல், ஆள் நெருக்கம், வாயும் அதிகம், எளிதில் அறுந்துவிட மாட்டோம். அதைத்தான் கேட்டுப் பாருங்கள் என்கிறேன்.

வண்டியே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் அப்பா ஆர்பரில் வேலை பார்த்தவர், கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள் எங்கள் உறவிலேயே இருக்கிறார்கள், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ராத்திரி முழுக்க வரிசையில் நின்று தூக்கம் கெட்டுத் திரும்புகிறவர்கள் அவர்கள். துறைமுகச் சரக்கு போகத்தான் வேண்டும், அதற்கென்று ஒழுங்கான வழி வேண்டும், அந்த வழி எங்கள் வாசலாக இருக்கக்கூடாது.

2014-லேயே மாநகராட்சி மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்தது, நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் முதலிடம் என்று. 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள், நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. 2023-ல் 1,000 கோடி என்று அறிவித்த வடசென்னை வளர்ச்சித் திட்டம் இப்போது அதைவிடப் பல மடங்கு வளர்ந்திருக்கிறது. இவ்வளவு பணம் எங்கள் பக்கம் வந்ததாக எனக்கு நினைவில்லை, மனசார நன்றி. ஆனால் நடைபாதை என்றால் கடைத்தெரு என்றே எல்லோரும் நினைக்கிறீர்கள். நாங்கள் ஷாப்பிங் போகிற நேரம் மாதத்தில் ஒருநாள். மீதி நாளெல்லாம் இருக்கிற தெரு இதுதான், கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் இதே மாதிரித்தான்.

அதனால் நான் கேட்பது பெரிய செலவில்லாத வேலை. எந்தத் தெருவில் கைவைப்பதற்கு முன்பும் வண்டி எண்ணுகிற அந்தத் தாளோடு இன்னொரு தாள் கொடுத்தனுப்புங்கள், உங்கள் வீடு எதுவரை என்று வரையச் சொல்லி, இங்கே யார் யாரைத் தெரியும் என்று கேட்டு. காலை பதினொரு மணிக்கு வராதீர்கள், அப்போது தெருவில் யாரும் இருக்கமாட்டார்கள், ஆளே இல்லாத தெரு என்று எழுதிக்கொண்டு போய்விடுவீர்கள். சாயந்திரம் ஆறுக்கு மேல் வாருங்கள். குழந்தைகளிடம் கட்டாயம் கேளுங்கள். தற்காலிகமாக வண்டியைத் திருப்பிவிட்டால் எந்தத் தேதியில் திரும்ப மூடுவீர்கள் என்று தெருமுனையிலேயே பலகையில் எழுதி வையுங்கள். ரோடு போடுமுன் பழைய தாரைச் சுரண்டி எடுங்கள், இதை மட்டும் செய்தாலே ஆயா மாதிரி எத்தனையோ பேருக்கு உட்காரப் படி மிஞ்சும். நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் இருக்கவேண்டும் என்று சாலைகளுக்கு விதி வகுக்கிற இந்திய சாலைகள் காங்கிரஸ் அமைப்பின் விதியே சொல்கிறது. அவ்வளவு அகலம் கொடுக்க முடியாத சின்னத் தெரு என்றால் அந்தத் தெருவில் வண்டி நடக்கிற வேகத்தில்தான் போகவேண்டும், குறுக்கு வழியாக யாரும் நுழையாதபடி ஒரு முனையை மூடினாலும் எங்களுக்குச் சம்மதம்தான், சுற்றிக்கொண்டு போகிறோம்.

கட்டடக்கலை படிக்கிற அந்தப் பெண்ணும் அவள் தோழிகளும் எங்கள் தெருவில் வீடு வீடாகக் கேட்டுத் தருகிறோம் என்கிறார்கள். கேள்விகளை எப்படிக் கேட்கவேண்டும் என்று நீங்கள் ஒருநாள் வந்து சொல்லிக்கொடுத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வசதியான நேரம், டியூஷன் கிடையாது, வீட்டில் இடம் இருக்கும். ஆயா வரைந்த தாளையும் அந்தச் சின்னப்பெண் வரைந்ததையும் மடிக்காமல் பீரோ மேல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு டியூஷன் டீச்சர்