ஆர்பத்நாட் கைவிரித்த திங்கட்கிழமை

அன்பு பாப்பா,

நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே யோசனைதான். ஆபீஸில் எல்லாரும் ஒரு கம்பெனியில் பணம் போடுகிறார்கள், வட்டி மாதாமாதம் தவறாமல் வருகிறது, நானும் போடப்போகிறேன் என்றாய். நேரில் பேசினால் கோபப்பட்டுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

சென்னையில் ஆர்பத்நாட் என்று ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி இருந்தது. ஏறக்குறைய நூறு வருஷம் பழசு. சர்க்கார் உத்தியோகஸ்தர்கள், பென்ஷன்காரர்கள், விதவைகள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் சேமிப்பை அங்கே போட்டிருந்தார்கள். அந்தப் பெயரை நம்பித்தான் போட்டார்கள். 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை, பணம் தர முடியாது என்று கம்பெனி கைவிரித்துவிட்டது.

ஓட்டை லண்டனில் இருந்தது. அங்கிருந்த பார்ட்னர் மக்ஃபேடியன் ஊக வியாபாரத்தில் பணத்தை இறைத்திருந்தார். நம் ஊர் ஆட்களின் டெபாசிட் கடல் தாண்டிப் போய்க் கரைந்தது. கம்பெனி உள்ளுக்குள் நொடித்துப்போன பிறகும் இங்கே புது டெபாசிட் வாங்குவதை நிறுத்தவில்லை. எனக்கு ஆறாதது இதுதான் பாப்பா. கடைசி வாரத்தில் பணம் கட்டியவர் யாரோ, எந்தக் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணமோ.

மக்ஃபேடியன் ரயில் முன் விழுந்து உயிரை விட்டார். தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல். போட்டவர்களுக்குப் பணம் முழுசாகத் திரும்பவில்லை.

அப்புறம் நடந்ததை நினைத்தால் மனசு கொஞ்சம் நிமிரும். பணம் இழந்தவர்களுக்காகப் போராடிய வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், நமக்கென்று ஒரு பேங்க் வேண்டும் என்று கிளம்பினார். சுதேசி வேகம் இருந்த காலம். நகரத்தார் செட்டியார்கள் முதல் போட்டுக் கைகொடுத்தார்கள். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் பேங்க் திறந்தது. உன் முதல் பாஸ்புக் அந்த பேங்குடையதுதான்.

1990களில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் அம்மாவின் வளையலை விற்றுப் பணம் போட்டேன். அங்கேயும் ஒன்றரை வருஷம் வட்டி தேதி தவறாமல் வந்தது. அது யார் பணம் என்று நான் கேட்கவே இல்லை. ஒரு நாள் போனால் ஷட்டரில் பூட்டு. அம்மா இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உன் ஆபீஸ்காரர்கள் பணம் போடும் கம்பெனி கொடுத்த காகிதத்தை வாட்ஸப்பில் அனுப்பு. அவர்கள் எதில் முதலீடு செய்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கு. பதில் வரும்வரை ஒரு ரூபாய்கூடப் போடாதே கண்ணு.

அன்புடன்,
அப்பா