வலைப்பூ பற்றிக் கேட்டவர்களுக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். வேலூர்க் கோட்டை பற்றி நேற்று குழுவில் வந்த இணைப்பைத் தொட்டால் பணம் போய்விடுமா என்று சத்துவாச்சாரியிலிருந்தும் காட்பாடியிலிருந்தும் கேட்டிருந்தீர்கள். அது ஒருவர் நடத்தும் வலைப்பூ. படிக்கக் காசும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். எந்தப் பக்கமாவது அவற்றைக் கேட்டால் உடனே மூடிவிடுங்கள்.

தனி ஒருவர் தேதி போட்டு எழுதி, எல்லோரும் படிக்கத் திறந்து வைக்கும் பக்கம்தான் வலைப்பூ. புதியது மேலே, பழையது கீழே இருக்கும். இங்கே நாம் எழுதுவதெல்லாம் மறுநாளே காலை வணக்கப் படங்களுக்குள் புதைந்துவிடுகிறது (அனுப்புகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்). அங்கேயோ 2009இல் எழுதியதும் ஆண்டு, மாத வாரியாகக் கிடைக்கும்.

ஆனால் பெரும்பாலும் அங்கே பிழை பார்க்க ஆசிரியர் குழு கிடையாது. நம் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்ப் புரட்சியை ஒருவர் 1857 என்று எழுதினாலும் அப்படியே வெளியாகிவிடும். கீழே கருத்துப் பெட்டி இருந்தால் அதில் மரியாதையாகச் சுட்டிக்காட்டுங்கள்.

எழுத ஆசைப்படுவோருக்கு கூகுளின் பிளாகர் இலவசம். ஜிமெயில் கணக்கு போதும். வீட்டு முகவரி, கைப்பேசி எண் போடாதீர்கள். சந்தேகங்களைக் குரல்பதிவாகவும் அனுப்பலாம், இரவு பத்து மணிக்குள்.