லிட்டில் ஜானை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய ஹாலிவுட் சாகசப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். எரால் ஃப்ளினின் வாள்வீச்சு, ஒலிவியா டி ஹாவிலண்டின் அழகு, கோர்ன்கோல்டின் இசை எல்லாம் இருந்தன. ராபின் ஹுட்டின் தோழன் லிட்டில் ஜானாக நடித்த ஆலன் ஹேலின் பெயர் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. உடன் வெளியான புகைப்படத்தின் ஓரத்தில் கம்பைப் பிடித்த ஒரு கை தெரிகிறது. அது அவருடைய கைதான். மனம் கேட்கவில்லை, எழுதுகிறேன்.

1938இல் வந்த ராபின் ஹுட் படத்தின் ஓடைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஓடையின் குறுக்கே ஒரு மரம் கிடக்கிறது. ஒரு முனையில் ராபினாக ஃப்ளின். மறுமுனையில் ஆறடிக்கும் மேலான ஓர் ஆள். இருவரும் வழிவிட மறுக்கிறார்கள். கம்புச் சண்டை தொடங்குகிறது. ராபினின் கூட்டாளி வில் ஸ்கார்லெட் கரையில் உட்கார்ந்து நிதானமாக யாழ் போன்ற ஒரு கருவியை மீட்டிக்கொண்டிருக்கிறார். கடைசியில் தொபுக்கென்று தண்ணீரில் விழுவது கதாநாயகன்! அப்படியும் வீழ்த்தியவர்மீது நமக்குக் கோபம் வருவதில்லை. முகத்தில் துளி வன்மமில்லாமல் அந்த அடியை அடிக்க ஹேலால் முடிந்தது. அந்த நிமிடமே ராபினோடு சேர்த்து அவரையும் நமக்குப் பிடித்துவிடுகிறது.

அந்த வேடம் அவருக்குப் புதிதல்ல. 1922இல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த மௌனப் படத்திலும் லிட்டில் ஜான் அவர்தான். 1950இல் ஜான் டெரிக் ராபினின் மகனாக நடித்த படத்திலும் அவரே. முப்பது வயதில் பிடித்த கம்பை 57 வயதிலும் பிடித்தார். 28 ஆண்டுகளில் ராபின் மாறினார், பேச்சு வந்தது, வண்ணம் வந்தது. லிட்டில் ஜான் மாறவில்லை. அந்தக் கடைசிப் படம் திரைக்கு வரும் முன்பே, 1950 ஜனவரியில் அவர் காலமாகிவிட்டார்.

ஃப்ளினோடு மட்டும் பத்துக்கும் மேற்பட்ட படங்கள். 'தி ஸீ ஹாக்' படத்தில் கப்பல் தலைவனின் வலக்கையாக வந்து, அவனோடு ஸ்பானியக் கப்பலில் சங்கிலியில் பிணைக்கப்பட்டுத் துடுப்பு வலிக்கிறார். 'டாட்ஜ் சிட்டி'யில் குடியைக் கைவிட எண்ணி மதுவிலக்குப் பெண்களின் கூட்டத்தில் போய் அமர்கிறார். பக்கத்து மதுக்கூடத்துச் சண்டையோ சுவரை இடித்துக்கொண்டு உள்ளேயே வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட தோழன் ஒருவன் பக்கத்தில் இருப்பதால்தான் நாயகனின் வீரத்தை நாம் நம்புகிறோம் என்பது என் திடமான எண்ணம். தனியாக வாள் சுழற்றுபவன் வெறும் அழகன். அவனை நம்பி உயிரைக் கொடுக்க இப்படி ஓர் ஆள் நின்றால்தான் அவன் தலைவன்.

துணை நடிகருக்கான ஆஸ்கர் 1936ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. முதல் சில ஆண்டுகள் அவர்களுக்குச் சிலைகூடக் கிடையாது, பட்டயம்தான். அதற்குக்கூட ஹேலின் பெயர் ஒருமுறையும் பரிந்துரைக்கப்படவில்லை. எனக்கு இது இன்றும் ஆறாத வருத்தம்.

அவருடைய மகன் ஆலன் ஹேல் ஜூனியரை அமெரிக்கத் தொலைக்காட்சி ரசிகர்கள் அறிவார்கள். அச்சு அசல் அப்பாவின் முகம். அப்பா 1939இல் 'இரும்பு முகமூடி' கதையில் போர்தோஸ் என்ற வீரனாக நடித்தார். 40 ஆண்டுகள் கழித்து, 1979இல், அதே கதையின் வேறொரு படத்தில் மகனும் போர்தோஸாக வந்தார்.

கட்டுரையாளரின் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. அடுத்த முறை அந்தப் புகைப்படத்தை வெளியிடும்போது ஓரத்தை வெட்டாமல் முழுவதுமாக வெளியிடுங்கள். கீழே ஃப்ளின், ஹேல் என இரண்டு பெயர்களையும் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருச்சி.