பொருளாளராகிவிட்ட மகளுக்கு

அன்பின் மகளுக்கு,

ஸ்தோத்திரம். திருச்சபையில் உன்னைப் பொருளாளராக்கிவிட்டார்கள் என்று மருமகன் சொன்னார். திருப்பூரில் அது லேசான பொறுப்பல்ல. பனியன் கம்பெனியில் ஓவர்டைம் நின்றால் அடுத்த ஞாயிறே காணிக்கைப் பை இளைத்துவிடும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் ஏற்றுமதி ஆர்டர்கள் என்ன பாடுபட்டன என்று உனக்கே தெரியும்.

முதலில், பாஸ்புக்கை நம்பாதே. அதில் 8,40,000 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள். கட்டட நிதி 5,60,000, மிஷனரிக் காணிக்கை 70,000, ஏழைகள் நிதி 45,000 கழித்தால் சபை நடத்த மிஞ்சுவது 1,65,000தான். மாதச் செலவு 1,10,000 என்றால் ஒன்றரை மாதம் தாங்கும். கமிட்டியில் மாதாமாதம் நீ வாசிக்க வேண்டியது அந்த ஒன்றரையை. சபைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சம்பளத்துக்குக் குறைந்தால் கட்டட நிதியில் எடுப்பார்கள், "அறுப்பின் பண்டிகை வரவில் போட்டுவிடலாம்" என்பார்கள், எழுத மாட்டார்கள். கான்கிரீட் போடும் அன்று பணம் இருக்காது. எடுத்தே தீர வேண்டுமென்றால் தீர்மானம், தொகை, திருப்பும் தேதி மூன்றும் மினிட்ஸில் ஏறட்டும். கணக்கில் கடனாகவே நிற்கட்டும். மிஷனரிக் காணிக்கையை அப்படியும் தொடாதே. அது நம்முடையதல்ல, நம் கை வழியாகப் போகிற பணம்.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது உற்சாகம் வந்தால் ஒரு தேங்காயை 2,000க்குக் கேட்பார்கள். பணம் எப்போதோ வரும். வந்ததை மட்டும் வரவில் எழுது, பாக்கிக்குத் தனி நோட்டு போடு. பட்ஜெட் போடும்போது பண்டிகை வரவைச் சேர்க்காமல், மூன்று வருட ஞாயிறு காணிக்கையையும் குடும்பங்கள் கட்டும் சந்தாவான சங்கக் காணிக்கையையும் மாதவாரியாக எடு. மிகக் குறைந்த மூன்று மாதங்களின் சராசரிக்குள் சம்பளம், மேலிடமான பேராயத்துக்குக் கட்டும் பங்கு, கரண்டு பில் அடங்க வேண்டும். பெயின்டும் புது ஸ்பீக்கரும் பண்டிகைப் பணம் கைக்கு வந்த பிறகு. குறைக்க நேர்ந்தால் ஊழியம் செய்யும் உபதேசியார், ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சம்பளத்தில் கை வைக்காதே. சபை விருந்தான அசனத்தில் ஒரு ஆடு குறைந்ததற்காக யாரும் சபை மாறியதில்லை!

காணிக்கையை எண்ண, ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் வேண்டும். ஆலயத்தை விட்டுக் கிளம்புமுன் 500 எத்தனை, 200 எத்தனை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை முழுத் தொகையையும் வங்கியில் கட்டு. பையிலிருந்தே பூவுக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்தால் வரவும் செலவும் இரண்டுமே குறைந்து தெரியும். ஆடிட்டரிடம் முழிக்க வேண்டியதுதான். க்யூஆர் அட்டை சபைக் கணக்கில் இருக்கட்டும், உன் போன் நம்பரில் வேண்டவே வேண்டாம். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அதைச் சபைச் செலவாக ஏற்க மாட்டார்கள். கொத்தனாருக்கும் செக்தான்.

வட்டி அதிகம் என்று பைனான்ஸ் கம்பெனி, சீட்டு என்று யாராவது கமிட்டியில் பேசுவார்கள். வரிவிலக்கு பெற்ற சபைப் பணத்தை அப்படிப் போடச் சட்டம் விடாது, அந்த அளவுக்கு விலக்கு போகும். வங்கியிலும் டெபாசிட் காப்பீடு ஒரு வங்கிக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம்தான், எத்தனை கிளையில் போட்டாலும். 2019ல் பிஎம்சி கூட்டுறவு வங்கி முடங்கியபோது முதலில் 1,000 ரூபாய்தான் எடுக்க விட்டார்கள். கட்டட நிதியை இரண்டு வங்கியில் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒன்று முதிர்கிற மாதிரி நாலு டெபாசிட்டாகப் போடு. அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் போதும்.

துபாயிலிருந்து இந்தியப் பாஸ்போர்ட்காரர் வங்கி வழியாகக் காணிக்கை அனுப்பினால் வாங்கலாம். ஆஸ்திரேலியக் குடியுரிமை எடுத்தவர், நம் ஊர்ப்பிள்ளையே ஆனாலும், சட்டப்படி வெளிநாட்டு நன்கொடையாளர். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவில் பதிவு இல்லாமல் அவருடைய நூறு ரூபாய்கூட சபைக் கணக்கில் விழக்கூடாது. மனத்தாங்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவிடு.

சந்தா பாக்கிப் பட்டியலை ஆலயத்தில் வாசிக்க விடாதே. வேலை போனவர் அதற்குப் பிறகு ஆராதனைக்கே வரமாட்டார். அவருடைய வீட்டு வாடகையை ஏழைகள் நிதியிலிருந்து வீட்டுக்காரருக்கே நேராகக் கட்டு. விஷயம் போதகர் ஐயருக்கும் உனக்கும் தெரிந்தால் போதும். கடனாகக் கொடுக்காதே.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது மூன்று வருட காணிக்கை ரிஜிஸ்டரை ஜெராக்ஸ் எடுத்து வா. அந்தக் குறைந்த மாதங்களைச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா