லென்ஸா, பாடியா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. மகளின் அரங்கேற்றத்துக்கு நாள் குறித்துவிட்டீர்கள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். அதைப் படமெடுக்க, கையிலிருக்கும் கேனன் 1500டி கேமராவைத் தள்ளிவிட்டு, பெரிய சென்சார் உள்ள ஃபுல்ஃபிரேம் கேமராவான கேனன் ஆர்8 வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம்.

நீ அனுப்பிய ஒத்திகைப் படங்கள் எல்லாமே லென்ஸின் 55 மி.மீ. முனையில், எஃப்5.6 துவாரம் (எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் கூடும்), ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்திறன் 6400, ஷட்டர் 1/60 நொடி. முகம் தெளிவு, கை மட்டும் கலங்கல். ஃபோகஸ் தப்பவில்லை, ஷட்டர் மெதுவாக இருக்கிறது. லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் உன் கை நடுக்கத்தை அடக்கும். ஆடுகிறவளின் கையை அடக்காது.

ஆர்8-உடன் வரும் 24-50 லென்ஸ் 50 மி.மீ. முனையில் எஃப்6.3. உன் 55-ஐ விட இருட்டு. ஃபுல்ஃபிரேமில் 50 என்பது உன் 55 காட்டுவதைவிட அகலமாகக் காட்டும். ஆடுகிறவள் சின்னதாகத் தெரிவாள். வெட்டிப் பெரிதாக்கினால் பெரிய சென்சாரில் கிடைத்த லாபம் அங்கேயே போய்விடும்.

அதனால் ஈஎஃப் 85 மி.மீ. எஃப்1.8 யுஎஸ்எம் லென்ஸ் வாங்கு. எஃப்2-ல் வைத்தால் 5.6-ஐ விட எட்டு மடங்கு வெளிச்சம்: ஐஎஸ்ஓ 3200-க்கு இறங்கி, ஷட்டரை 1/250-க்கு ஏற்றலாம். ஜதிக்கு அது போதும். துள்ளும் இடங்களில் 1/500 வேண்டும், ஐஎஸ்ஓவைத் திரும்ப 6400 ஆக்கிக்கொள். 10 மீட்டர் தள்ளி நின்று கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் சுமார் 2.6 மீட்டர் உயரம், 1.7 மீட்டர் அகலம் அடங்கும். அந்தத் தூரத்தில் எஃப்2-லும் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம் தெளிவாக விழும். ஆனால் மேக்கப் அறையில் 2 மீட்டரில் எடுத்தால் நாலே சென்டிமீட்டர்தான். கண்ணில் பிடித்தால் ஜிமிக்கி கலங்கிவிடும். அங்கே எஃப்4.

எக்ஸ்போஷரை, எல்லாவற்றையும் நீயே வைக்கும் எம் மோடில் பூட்டிவிடு. பின்திரை கறுப்பாக இருந்தால் கேமராவின் ஒளிமானி ஏமாந்து முகத்தை வெளுக்க வைத்துவிடும். உன் பாடியில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டுமே கிராஸ் வகை (கிடைக்கோடு, செங்குத்துக்கோடு இரண்டையும் பிடிக்கும்), மங்கிய வெளிச்சத்தில் அதை நம்பு. நகர்கிறவரை விடாமல் பின்தொடரும் ஏஐ சர்வோ ஃபோகஸில் வை.

பழைய லென்ஸ் கிடைத்தால் பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்துப் பார். சிலந்தி வலை போல நூல் தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடு. முன்கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தால் பரவாயில்லை, அதைச் சொல்லி விலையைக் குறை. பின்கண்ணாடியில் கீறல் கூடாது. எஃப்8-ல் வைத்து, படம் எடுக்காமலே துவாரத்தை மூடிக் காட்டும் டெப்த் பிரிவ்யூ மூலம் துவாரத்தின் இதழ்கள் சட்டென்று மூடுகின்றனவா, எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பார்.

1/500 வைத்தும் பத்துக்கு நாலு படம் ஃபோகஸ் தப்பினால், அப்போது பாடியைப் பற்றி யோசிக்கலாம். ஆர்8 கண்ணைத் துரத்திப் பிடிக்கும். அடாப்டர் போட்டால் இந்த 85 அதிலும் அப்படியே ஓடும். உன் 18-55 சின்ன சென்சாருக்கான லென்ஸ், அதைப் போட்டாலோ 24 மெகாபிக்சல் 9 சொச்சமாகச் சுருங்கிவிடும்.

ஒத்திகைக்கே மேடை விளக்குகளைப் போடச் சொல். எல்இடி மினுக்கலில் சில படம் இருண்டு விழும். அதனால் மூன்று நாலாகத் தொடர்ந்து அடித்து, நல்லதை எடுத்துக்கொள்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரகு